நானூற்றுப் பன்னிரண்டு எண்கள்

என் தம்பி அமலதாஸ் திண்டிவனத்தில், மேம்பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில், டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். 1989 ஆகஸ்டில் திறந்த கடை. மயிலம், கூட்டேரிப்பட்டு, வல்லம் பக்கத்திலிருந்தெல்லாம் டிவியையும் ஆம்ப்ளிஃபயரையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். யார் எதைக் கொண்டு வந்தாலும், "உங்க மேல தப்பு இல்லீங்க, கரண்டு அப்படி" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்க்ரூவைக் கழற்றுவான். அவனைப்போலக் கை உள்ள ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதை இப்போதும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

நான் அவனுக்கு நாலு வயது மூத்தவள். பெயர் லூர்துசெல்வி. கெடாருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடுவார். என்னைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள். தம்பி பாலிடெக்னிக் படித்தான். அதில் எனக்குக் குறை இருந்ததில்லை. அவன் ஏழாவது படிக்கும்போதே கோயில் ஒலிபெருக்கியைப் பிரித்துப் பூட்டியவன். யாரைப் படிக்க வைக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வாய்த்தது கையெழுத்து. ஊரில் யார் மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள்.

1986-இல் அவன் ஒரு கம்ப்யூட்டர் செய்தான். கடையில் வாங்கியதல்ல. ஒரு மாத இதழில் வந்த வரைபடத்தைப் பார்த்து, நாலு தடவை சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து, அவனே பற்றவைத்தான். பழைய ரேடியோப் பெட்டிக்குள் பலகை. மேலே இருபது பொத்தான்கள். டிவி மாதிரித் திரை கிடையாது. கடிகாரத்தில் வருகிற மாதிரி ஆறு சிவப்பு இலக்கங்கள் மட்டும் எரியும். அதற்கு நம் பாஷை, இங்கிலீஷ் எதுவும் புரியாது. எண்களாகத்தான் கொடுக்க வேண்டும். அந்த எண்களில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைக்கும் போதாமல் ஏ-யிலிருந்து எஃப் வரைக்கும் ஆறு எழுத்தும் வரும்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டோம். அவன் யோசித்து, கணக்குப் போட்டு, கிடைத்த துண்டுக் காகிதங்களில் எண்களைக் கிறுக்குவான். நான் அவற்றை நீள நோட்டில் பக்கத்துக்கு நாற்பதாகக் கட்டம் போட்டுப் பிரதி எடுப்பேன். பிறகு நான் படிக்கப் படிக்க அவன் பொத்தானை அழுத்துவான். மின்சாரம் போனால் மிஷின் அத்தனையையும் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். பி, சி, டி, ஈ எல்லாம் காதில் ஒன்றுபோலவே விழுவதால் எழுத்துகளுக்கு நான் புனிதர்களின் பெயர் வைத்தேன். அந்தோணி, பெர்னதெத், செசிலி, தோமினிக், எலிசபெத், பிரான்சிஸ். "மூணு எலிசபெத். சைபர் நாலு. செசிலி தோமினிக்" என்று நான் கூடத்தில் படித்துக்கொண்டே போனால், அடுப்படியிலிருந்து அம்மா, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லுவாள். மன்றாட்டு மாலை ஜெபத்தில் ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் சொல்கிற பதில் அது. அப்பாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிடும்.

1987 மார்ச் 14, சனிக்கிழமை, விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. அதற்காகத் தம்பி ஒரு பெரிய புரோகிராம் எழுதினான். எந்த ஆண்டைக் கொடுத்தாலும் அந்த ஆண்டு ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று மிஷின் சொல்லும். ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் நிலாவைப் பார்த்து மாறுகிறது. அதைக் கணக்குப் போட நானூற்றுப் பன்னிரண்டு எண்கள் தேவைப்பட்டன. என் நோட்டில் பதினோரு பக்கம். கடைசிப் பக்கத்தை வெள்ளிக்கிழமை மாலைதான் முடித்தேன். பிரதி எடுத்து முடிந்த துண்டுக் காகிதங்களை அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். அன்றைக்கு மாலையில் ஊரில் மின்சாரம் இல்லை. போட்டுப் பார்க்க முடியவில்லை. தம்பி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கால்களை ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

எனக்கும் அந்தச் சனிக்கிழமையால் ஆக வேண்டிய ஒரு காரியம் இருந்தது. எங்கள் பங்குக் கோயிலில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் செல்லரித்துக் கிடந்தன. எல்லாவற்றையும் புது ஏட்டில் பிரதி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு என்னை வைத்துக்கொள்ளலாம் என்று பங்குச் சாமியார் சவுரிராயன் சாமி அப்பாவிடம் சொல்லியிருந்தார். ஈஸ்டர் கழிந்து, ஜூனில் தொடங்குவதாகப் பேச்சு. அது முடிந்தால் கோயில் அலுவலகத்திலேயே எழுத்து வேலை தருவதாகவும் சொன்னார். கண்காட்சிக்குச் சாமியும் வந்திருந்தார். அப்பாவோடு முன்வரிசையில் நின்றார்.

நான் நோட்டைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினேன். நானூற்றுப் பன்னிரண்டையும் படித்து முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூட்டம் சுற்றி நின்று கேட்டது. முடிந்ததும் தம்பி சாமியைப் பார்த்து, ஏதாவது ஒரு ஆண்டு சொல்லச் சொன்னான். சாமி தாம் குருப்பட்டம் பெற்ற ஆண்டைச் சொன்னார். 1961. அந்த வருட ஈஸ்டர் ஏப்ரல் 2 என்பது அவருக்கு மனப்பாடம். தம்பி பொத்தானை அழுத்தினான். 0631 என்று எரிந்தது. ஆறாவது மாதம், முப்பத்தொன்றாம் தேதி.

பரிசுக்குத் தேர்வு செய்ய வந்திருந்த கிருஷ்ணசாமி வாத்தியார் குனிந்து பார்த்தார். "ஜூன் மாசத்துக்கு முப்பத்தொண்ணாந் தேதி எந்த ஊர்லப்பா வருது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி தலையைத் தூக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னான்:

"புரோகிராம் சரிதாங்க சார். அக்கா காப்பி எடுத்ததுல எங்கியோ தப்பு வுட்டுருக்குது."

நான் நோட்டின் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் 0631 என்று எழுதி, தேதியும் போட்டு மூடி வைத்தேன். எந்த எண் தவறு என்று பிறகு தேட உதவும் என்று நினைத்தேன்.

மறு வாரம் சவுரிராயன் சாமி என்னைக் கூப்பிட்டார். கடுமையாகப் பேசவில்லை. "நீ நல்ல பொண்ணும்மா. ஆனா இது பேரும் தேதியும். ஒண்ணு மாறிப்போனா ஒருத்தர் கல்யாணமே நின்னுபோவும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னது எனக்கே நியாயமாகப் பட்டது. கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியாரின் மகனைக் கேட்டிருப்பதாகவும், அவன் பரீட்சை முடிந்து ஜூனில் வருவதாகவும் சொன்னார்.

மே மாதம் தம்பி என் நோட்டை வாங்கிக்கொண்டு போனான். தவறு எங்கே என்று பார்ப்பதாகச் சொன்னான். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று திருப்பித் தந்தான். இன்னொரு தடவை இருவரும் உட்கார்ந்து மிஷினில் போட்டுப் பார்க்கலாம் என்று கேட்டேன். "வுடுக்கா, போனது போச்சு" என்றான். நான் வருத்தப்படக் கூடாது என்று சொல்கிறான் என எடுத்துக்கொண்டேன். அதற்காக அவன்மேல் பிரியம்கூட வந்தது.

அதன்பிறகு எழுத்து வேலை எதற்கும் நான் போகவில்லை. மனு எழுதக் கேட்டு வந்தவர்களையும் வேறு ஆளிடம் அனுப்பினேன். விழுப்புரத்தில் ஒரு தையல் கடையில் சேர்ந்தேன். கல்யாணமாகி, கணவர் தவறிய பிறகும் அதே தையல்தான். முப்பத்தொரு வருடம் தைத்தேன். எந்த அளவையும் இரண்டு முறை எடுப்பேன். எழுதியதை எதிரில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே கத்தரியைத் தொடுவேன். "லூர்து அக்காகிட்ட ஜாக்கெட் குடுத்தா ரெண்டு தபா சுத்திச் சுத்தி நிக்கணும்" என்று கேலி செய்வார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒன்றைத் தவறவிட்டுவிடுவேன் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. நான் அப்படிப்பட்டவள் என்று நம்பிவிட்டேன்.

தம்பி அந்த மிஷினைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்க் கடை அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தான். 2024 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு பார்த்தால் ரேடியோப் பெட்டி ஊறிப் பிளந்திருந்தது. பலகையெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. மற்ற நஷ்டத்தைப் பற்றி அவன் அவ்வளவு பேசவில்லை. அந்தப் பெட்டியைத்தான் நாலு நாள் வெயிலில் வைத்து வைத்துப் பார்த்தான் என்று அவன் மனைவி டயானா சொன்னாள்.

ஜனவரியில் தொடங்கி, மகள் வெனிலாவின் பழைய லேப்டாப்பில் அந்த மிஷினை மறுபடி செய்தான். பலகையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. பழைய மிஷினில் எந்தச் சிப்பு என்ன செய்ததோ, அதையே ஒவ்வொன்றாக லேப்டாப்புக்குள் எழுதி வைப்பது. எமுலேட்டர் என்று பெயர் சொன்னான். ஐம்பத்தொன்பது வயதில், வெனிலாவிடம் கேட்டும் வீடியோ பார்த்தும் படித்தான். எட்டு மாதம் ஆயிற்று. ஆகஸ்டில் நான் போனபோது காட்டினான். திரையில் ரேடியோப் பெட்டி, இருபது பொத்தான்கள், ஆறு சிவப்பு இலக்கங்கள். ஏழாம் எண் பொத்தான் ஒருமுறை அழுத்தினால் சில சமயம் இரண்டாக விழும். அந்தக் கோளாறுகூட அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தெருவில் எல்லோரிடமும் போய்ச் சொன்னேன்.

அன்றைக்கே அவனிடம் கேட்டேன். என் நோட்டிலிருக்கும் எண்களை இதில் போட்டால் எது தவறு என்று காட்டுமா என்று.

அவன் சட்டென்று என்னைப் பார்த்தான். "அந்த நோட்டு இன்னும் இருக்குதாக்கா?"

"பீரோல பத்திரமா இருக்குது."

"மிஷினுக்குத் தப்பு எதுன்னு தெரியாதுக்கா. வர்ற பதிலத்தான் காட்டும். அது வேணாம், வேற நல்ல புரோகிராமா போடலாம்."

எனக்கு அறுபத்துமூன்று வயது. எந்த இடத்தில் தவறினேன் என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. எழுபத்தெட்டாவது எண்ணா, இருநூற்று ஐந்தாவதா? நாலை ஒன்பதாக எழுதினேனா, பெர்னதெத் இருக்க வேண்டிய இடத்தில் எட்டைப் போட்டேனா? இதை அவனிடம் சொல்லவில்லை. அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், நோட்டைத் துணிப்பையில் வைத்து பஸ் ஏறினேன்.

நான் போனபோது தம்பி வீட்டில் இல்லை. மயிலத்தில் ஒரு மண்டபத்தில் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டுப் போயிருந்தான். டயானாவும் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். வெனிலா லேப்டாப்பைத் திறந்து, "நீ படி அத்தை, நான் அழுத்தறேன்" என்றாள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். புனிதர்களின் பெயரைக் கேட்டு முதலில் சிரித்தாள். நாற்பது எண் தாண்டியதும் அவளுக்கும் பழகிவிட்டது. நான் எண்ணுக்கு எண் விரல் வைத்துப் படித்தேன்.

முடித்ததும், 1961 போடச் சொன்னேன். வெனிலா அழுத்தினாள். 0402.

ஏப்ரல் 2. அவளிடம் எதுவும் சொல்லாமல் 1987 போடச் சொன்னேன். 0419. அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 19-ஆம் தேதிதான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2025 போட்டோம். 0420. அதுவும் சரி. சுவரில் தொங்கிய காலண்டரிலேயே இருந்தது. பிறகு வெனிலா தானாகவே ஏழெட்டு ஆண்டுகளை அழுத்தி, போனில் தேடிச் சரிபார்த்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

"சூப்பரா வருதே அத்தை. எங்க தப்புன்ன?" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏதோ புரியவில்லை என்றுதான் இருந்தது. ஒருவேளை அந்தப் பழைய மிஷினில் வேறு ஏதாவது கோளாறு இருந்திருக்கும், பாவம், அவனுக்கும் அது தெரியாமலே போயிருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் அவன் வந்ததும் சொல்லி மகிழலாம் என்றுகூட இருந்தேன்.

வெனிலா திரையின் ஓரத்தில் எதையோ பார்த்தாள். மிஷினின் பாகங்களை மாற்றிப் பார்க்கிற பட்டியல் அங்கே இருந்தது. அதில் ஒரு வரி: "மெமரி சிப்பு 2". பக்கத்தில் இரண்டு தேர்வு. ஒன்று "நல்லது". மற்றொன்று வெறும் தேதி. 14-3-87.

"இது இன்னாது அத்தை, தேதி போட்டுக்கீது?"

அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். சிப்பை மாற்றினால் எண்களை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும் என்றாள். போட்டோம். என் தொண்டை கட்டிவிட்டது. பாதிக்கு மேல் அவளே நோட்டைப் பார்த்துப் போட்டாள். 1961 அழுத்தினாள்.

0631.

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தை அவளிடம் காட்டினேன். அவள் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

தம்பி நாலு மணிக்கு வந்தான். நோட்டைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பின்பக்கம் போய்க் கைகால் கழுவினான். வெகு நேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வந்து எதிரே உட்கார்ந்தான்.

"பதினாலு மூணு எம்பத்தேழுன்னா இன்னா தாஸு?" என்று கேட்டேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சிப்பின் ஒரு முனையில் சின்னப் பள்ளம் இருக்கும். எந்தப் பக்கம் பார்த்துச் செருக வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். வெள்ளிக்கிழமை மாலை மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சுத்தம் செய்தபோது, இரண்டாவது சிப்பைத் திருப்பிச் செருகிவிட்டான். சனிக்கிழமை காலையில் மின்சாரம் வந்ததும், நான் தண்ணீர் எடுத்துவரப் போயிருந்தபோது, சுவிட்சைப் போட்டான். பொசுங்கும் வாசனை வந்தது. உடனே அணைத்து, தொட்டுப் பார்த்தால் அந்தச் சிப்பு விரலைச் சுட்டது. சரியான பக்கம் திருப்பி வைத்தான். இலக்கங்கள் எரிந்தன. ஒருவேளை பிழைத்திருக்கும் என்று நினைத்தான். முழுதாகச் சாகவில்லை, ஒரு கால் மட்டும் செத்திருந்தது. அந்தக் காலில் எப்போதும் ஒன்று என்றே வரும். கணக்கெல்லாம் அதில் தங்கித்தான் போக வேண்டும்.

"தெரிஞ்சிக்கினேதான் நானூத்திப் பன்னிரண்டையும் படிக்க வுட்டியா?"

"வந்துடும்னு நெனச்சேன்க்கா."

"வரலியே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"அப்பா எதிர்ல நின்னுக்கினு இருந்தாரு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த மிஷினுக்காக அவரு எவ்ளோ கஷ்டப்பட்டு காசு குடுத்தாருன்னு உனக்குத் தெரியும். என் கையாலயே அத எரிச்சிட்டேன்னு எப்படிச் சொல்றது? வாயில வந்தது அதான். நீன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன் என்று தோன்றுகிறது. இருபத்தொரு வயதுப் பையன், கூட்டத்துக்கு நடுவே, பயத்தில் சொன்ன வார்த்தை. பிறகுதான் மே மாதம் ஞாபகத்துக்கு வந்தது. நோட்டை ஒரு வாரம் வாங்கிப்போனாயே, அப்போது என்ன செய்தாய் என்று கேட்டேன்.

அவன் நோட்டை மூடி என் பக்கம் தள்ளி வைத்தான்.

"வேற சிப்பு வாங்கியாந்து போட்டுப் பாத்தேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. மொத தபாவே."

மே மாதம். உபதேசியாரின் மகன் ஜூனில்தான் பதிவேட்டைத் தொட்டான். அந்த ஒரு வாரத்தில் இவன் வாயைத் திறந்திருந்தால், நான் நோட்டோடு சவுரிராயன் சாமியிடம் போயிருப்பேன். இதை அவனிடம் சொன்னேன். அவன் அழுதான். அவன் அழுதால் எனக்குத் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு அவனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு, இதை ஏன் மிஷினில் எழுதி வைத்தாய் என்று கேட்டேன். எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

"மிஷினு எப்படி இருந்துச்சோ அப்படியே செய்யணும்ல. அன்னிக்கு அது அப்படித்தானக்கா இருந்துச்சு."

அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மிஷினுக்குத் துரோகம் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை. ஏழாம் பொத்தானின் கோளாறைக்கூட விடாமல் சேர்த்தவன். எனக்கு எதிரே முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். நான் அளவை இரண்டு முறை எடுப்பதைப் பார்த்து அவனும் கேலி செய்திருக்கிறான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். "அந்த வரிய எடுத்துடட்டுமாக்கா?"

"எடுக்காத. பேர மாத்து."

தேதி மட்டும் இருந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னேன். அவன் தமிழில் அடித்தான். "14-3-87. அமலதாஸ் இந்தச் சிப்பைத் திருப்பிச் செருகி எரித்தான். எண்களைப் பிரதி எடுத்தவர் அவன் அக்கா லூர்துசெல்வி. பிரதியில் பிழை இல்லை." இடம் போதவில்லை என்று பெட்டியை அகலப்படுத்தினான். 'பிரதி' என்பதில் ஒரு எழுத்து விட்டிருந்தது, சுட்டிக்காட்டினேன், சேர்த்தான்.

"இப்ப சரியாக்கா?" என்று கேட்டான்.

"எழுத்து சரியா இருக்குது" என்றேன்.

டயானா வந்ததும், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்று தம்பி தெருமுனை வரை கூடவே வந்தான். வேண்டாம் என்றேன்.

நவம்பரில் அவன் அந்த மிஷினை இணையத்தில் போட்டுவிட்டான். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாமாம். எங்கெங்கோ இருப்பவர்கள் எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள், அந்த வரியைப் படித்துவிட்டு எழுதுகிறார்கள் என்று வெனிலா போனில் சொன்னாள். அவர்களுக்கெல்லாம் என் பெயர் தெரியும். அப்பா 2003-இல் இறந்தார். சவுரிராயன் சாமி அதற்கும் முன்பே. மகள் கவனமில்லாதவள் என்று நினைத்துக்கொண்டே அப்பா போய்ச் சேர்ந்தார்.

தம்பி ஞாயிறுதோறும் பூசைக்குப் பிறகு போன் செய்கிறான். எடுத்துப் பேசுகிறேன். மழை, கால் வலி, வெனிலாவுக்கு வந்திருக்கும் வரன். கிறிஸ்துமஸுக்குத் திண்டிவனத்துக்கு வரச் சொல்லி மூன்று வாரமாகக் கேட்கிறான். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.